செவ்வாய்க்கிழமை நோயாளி

அத்தியாயம் 9

தம்பி டி.வி.யில் வரப்போகிறான் என்றால் ஒரு வீடு எப்படி இருக்கும்? இரும்புலியூரில் ஏசுபாதத்தின் வீடு அன்றைக்கு அப்படித்தான் இருந்தது. அந்தத் தம்பி மட்டும்தான் அப்படி இல்லை.

அம்மா அம்மணி விடிவதற்குள் முன்னறையைக் கழுவித் துடைத்துவிட்டாள். வீட்டுக்காரம்மா தாயாரம்மாள், கூட்டம் வரும் என்று தன் வீட்டு பெஞ்சு இரண்டை அனுப்பிவைத்தாள். எதிர்வீட்டுப் பாலாம்பாள் மாமி லட்டுக்கு ரவை வறுக்கும் வாசனை தெருமுனை வரைக்கும் வந்தது.

செவ்வாய்க்கிழமை ஏழரை மணிக்கு ‘வெள்ளைக் கதவு’ தொடர். ஓர் ஆஸ்பத்திரி, அதில் ஒரு மனநல டாக்டர். வாரம் ஒரு நோயாளி வருவார். அரை மணி நேரத்தில் குணமாகிப் போவார். இந்த வார நோயாளி துரை.

தாம்பரத்தில் ரயில்வே இன்ஸ்டிடியூட் மேடையில் போலீஸ்காரன், கிழவன், இரண்டாம் தூதன் என்று கிடைத்த வேஷத்தையெல்லாம் போட்டுக்கொண்டிருந்தவன். யாரோ பார்த்து, யாரிடமோ சொல்லி, இப்போது டி.வி. வரைக்கும் வந்துவிட்டான். இருபத்தைந்து வயதில் வேறு ஒருவனாக இருந்தால் கால் தரையில் பட்டிருக்காது.

துரை காலை ஆறு மணிக்குப் பின்பக்கத்தில் அடி பம்பை அடித்துக்கொண்டிருந்தான். எதிரே அவன் அக்கா கிருபா கைகளை நீட்டிக்கொண்டு நின்றாள். அவள் உதடு அசைந்தது. பதினாறு, பதினேழு.

முந்தைய வாரங்களைத் தவறவிட்டவர்கள் இந்தக் கைகளைப் பற்றித் தெரிந்துகொண்டால் போதும். மற்றதெல்லாம் இவற்றிலிருந்து வந்ததுதான்.

கிருபாவுக்கு இருபத்தெட்டு வயது. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. குரோம்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியின் லேபில் ஐந்து வருடம் எடை போட்டுக்கொண்டிருந்தாள். மில்லிகிராம் பிசகாது என்று பெயர். அப்பா ஏசுபாதத்துக்கு நெஞ்சு வலி வந்தபோது, மாத்திரை கொடுக்கும் வேலையும் அவளிடமே வந்தது. சின்ன வெள்ளை மாத்திரை. “தினம் ஒண்ணு. மறந்துபோய் ரெண்டு குடுத்துடாதீங்க” என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார்.

இரண்டு வருடத்துக்கு முன், ஐப்பசி மழையில், ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை அப்பா போய்விட்டார்.

மூன்றாம் நாள் கிருபா பீரோ மேலிருந்த மாத்திரை அட்டையை எடுத்து எண்ணினாள். ஞாயிற்றுக்கிழமை பிரித்த அட்டை. ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன். பத்தில் ஐந்து போனால் ஐந்து இருக்க வேண்டும். நான்குதான் இருந்தது.

அம்மாவைக் கேட்டாள். அம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. மருந்துப் பக்கமே போகமாட்டாள். “நான் எங்கடி அத்தத் தொட்டேன்” என்றாள். துரை அந்த வியாழக்கிழமை ஒத்திகை முடிந்து ராத்திரி பத்து மணிக்குத்தான் வந்திருந்தான். பாக்கி இருந்தது கிருபா ஒருத்தி. வேலையிலிருந்து மழையில் நனைந்து வந்த களைப்பில், கொடுத்ததை மறந்து இன்னொரு தடவை கொடுத்துவிட்டாள். வேறு எப்படி நடந்திருக்கும்?

அந்த வாரம்தான் கை கழுவ ஆரம்பித்தாள். ஒரு தடவைக்கு முப்பத்தொன்று. எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து. லேபில் எடை போட்டதையே திரும்பத் திரும்பப் போட ஆரம்பித்து, ஆறு மாதத்துக்கு முன் அந்த வேலையும் போயிற்று. விரல் இடுக்கெல்லாம் வெடித்துப் பாளம் பாளமாக இருந்தது. தெருவில் கேட்டவர்களிடம் அம்மா சொன்ன பதில் ஒன்றுதான்: “தோல் கம்பெனில வேல செஞ்சா இல்ல, அலர்ஜி.”

போன மாதம் இந்தப் பம்படியில் நின்றுகொண்டு, துரையிடம் மட்டும் கிருபா எல்லாவற்றையும் சொன்னாள். அவன் அவள் தலையைத் தொட்டு, யாரிடமும் சொல்லமாட்டேன் என்றான். அன்றிலிருந்து தினம் காலையும் மாலையும் அவனே பம்பு அடிக்கிறான். கழுவிய கையால் அவள் பம்பின் பிடியைத் தொட வேண்டாம் என்றுதான்.

“அக்கா, இன்னிக்கு சாயங்காலம் பொத்தேரிக்குப் போயிட்டு வாயேன்.”

“எதுக்கு?”

“சித்தி உன்னப் பாக்கணும்னாங்க.”

“ஞாயித்துக்கிழமைதான் கோயில்ல பார்த்தேன்.”

“ராத்திரி அங்கியே தங்கிட்டு காலைல வா.”

கிருபா நிமிர்ந்து பார்த்தாள். “பேசினியா, விட்டுப்போச்சு. ஒண்ணுலேர்ந்து.”

அவன் மறுபடி அடித்தான். தண்ணீர் விழும்போது அவள் யோசித்தாள். முன்னறை நிறைய ஆள் வரும். எல்லோரும் துரையைப் பார்ப்பார்கள். அப்புறம் துரையின் அக்காவைப் பார்ப்பார்கள். அப்புறம் அவள் கையைப் பார்ப்பார்கள். அவன் பெருமைப்படும் ஒரு நாளில் இந்தக் கை எதற்கு?

நியாயம்தான். ஆனால் வலித்தது. போகமாட்டேன் என்று அப்போதே முடிவு செய்துகொண்டாள்.

வீட்டுக்குள் அம்மா கீர்த்தனையை உரக்கப் பாடிக்கொண்டிருந்தாள். பம்பு சத்தம் கேட்டால் அம்மாவுக்குப் பாட்டு வந்துவிடும்.

*

துரை நான்கு மணிக்கே ஆபீசிலிருந்து வந்துவிட்டான். காபி வேண்டாம் என்றான். நேரே மாடிப்படி ஏறினான்.

“இன்னாடா பண்ற மேல?” என்று அம்மா கீழிருந்து கத்தினாள்.

“ஆன்டெனா லூசா இருக்கும்மா. டைட் பண்றேன்.”

ஏழு மணிக்குப் பெஞ்சு நிறைந்தது. தாயாரம்மாள் நடுவில் உட்கார்ந்தாள். அது அவள் பெஞ்சு. பாலாம்பாள் மாமி லட்டுத் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் வீட்டுக்காரர் வைத்தீஸ்வரன், தந்தி ஆபீசில் ரிட்டயர் ஆனவர், நாற்காலியை டி.வி.க்கு ஒரு முழத்தில் போட்டுக்கொண்டார். அப்பா வாங்கிப்போட்ட கறுப்பு வெள்ளை டி.வி. அம்மா அதன் மரக் கதவைத் தள்ளி, பொத்தானை அமுக்கினாள்.

திரை முழுக்கப் பூச்சி பறந்தது.

“என்னடா இது?” என்றார் வைத்தீஸ்வரன்.

“டி.வி. பழசு சார். போயிடுச்சுன்னு நெனக்கிறேன்” என்றான் துரை.

“நேத்திக்கு செய்தி நன்னாத் தெரிஞ்சதே. ஜன்னல் வழியா நானே பார்த்தேன்.”

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடிக்குப் போனார். துரை பின்னாலேயே ஓடினான். கொஞ்ச நேரத்தில் மேலிருந்து குரல் வந்தது. “அட ராமா, இது செங்கல்பட்டைப் பார்த்துண்டு நிக்கறது! செங்கல்பட்டுலேர்ந்தா ஒளிபரப்பறான்? நீ டைட் பண்ண லட்சணமா இது?”

கீழே எல்லோரும் சிரித்தார்கள்.

“தெரியறதா?”

“இல்ல சார்” என்று கீழேயிருந்து கத்தினார்கள்.

“இப்போ?”

“வருது, வருது. ஐயோ போயிடுச்சு. ஆ, அங்கியே நிறுத்துங்க.”

படம் பளிச்சென்று நின்றது. யாரோ ஒரு பெண்மணி உரம் போடும் முறையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

துரை இறங்கி வந்து, சமையலறை வாசலில் நின்றிருந்த கிருபாவின் பக்கத்தில் வந்தான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

“அக்கா, நீ பாக்காத. மாமி வீட்டுல போய் உக்காரு. இப்பவே போ.”

“என்னப் பார்த்தா உனக்கு வெக்கமா இருக்காடா?”

“ஐயோ, அது இல்லக்கா...”

“அப்ப என்ன?”

அவன் வாயைத் திறந்தான். “தொர, ஆரம்பிச்சுட்டான், வாடா” என்று தாயாரம்மாள் கூப்பிட்டாள்.

*

திரையில் துரை மூக்குக்கண்ணாடி போட்டிருந்தான். பெயர் சிவராமன்; ஏதோ ஆபீசில் குமாஸ்தா.

“த பார்றா, கண்ணாடில்லாம் போட்டுக்கினு கீறான்” என்றாள் தாயாரம்மாள். “நம்ம புள்ள மாரியே இல்ல. ஷூட்டிங்ல சோறு போட்டாங்களா தொர?”

“போட்டாங்க.”

“இன்னா சோறு?”

“தயிர் சாதம்.”

“டி.வி.காரங்க தயிர் சோறா போடுவாங்க? பேஜார்டா.”

“செத்த சும்மா இருங்கோ, பேசறது கேக்கலை” என்றார் வைத்தீஸ்வரன்.

அடுத்த காட்சியில் ஒரு கொல்லைப்புறம். அடி பம்பு. மனைவியாக நடித்தவள் பம்பு அடிக்க, சிவராமன் கைகளை நீட்டிக்கொண்டு நின்றான். உதடு அசைந்தது. சுண்டுவிரல் மற்ற விரல்களைத் தொடாமல் விலகி நின்றது. கழுவி முடித்ததும் இரண்டு கைகளையும் மார்புக்கு நேரே, உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

கிருபா அசையவில்லை.

கண்ணாடியில் முகம்தான் தெரியும். தான் நடக்கும் நடை தெரியாது. கதவைத் தள்ளும்போது தோள் இப்படிச் சரியுமா? குளிரில் நடுங்கும் கோழி மாதிரி இப்படியா இருக்கும்? முதலில் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. எத்தனை கவனமாகப் பார்த்திருக்கிறான் என்றுதான் தோன்றியது. இத்தனை கவனமாக அவளை வேறு யாரும் பார்த்ததில்லை.

பெஞ்சில் சத்தம் நின்றுபோயிருந்தது. பாலாம்பாள் மாமி ஒரு தடவை திரும்பி, சமையலறை வாசலைப் பார்த்துவிட்டு, சட்டென்று டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சிவராமன் டாக்டர் அறைக்குள் போனான். நாற்காலியில் உட்கார்ந்தான். டாக்டர் கேட்டார்: “எப்போ ஆரம்பிச்சது இது? யோசிச்சுச் சொல்லுங்க.”

அவ்வளவுதான், திரை இருண்டு, ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று எழுத்து வந்தது. பின்னால் வீணை.

“நல்ல எடத்துல போட்டான்” என்று தாயாரம்மாள் அலுத்துக்கொண்டாள்.

கிருபா தம்பியைப் பார்த்தாள். சுவரில் சாய்ந்து நின்றவன் கண்ணை மூடியிருந்தான். அவன் உதடும் அசைந்தது. ஜெபம் பண்ணுகிறான் என்று அவளுக்குப் புரிந்தது. எதற்கு என்று மட்டும் புரியவில்லை.

இரண்டு நிமிஷம் வீணை வாசித்தது. பிறகு படம் திரும்பி வந்துவிட்டது.

“எங்க அப்பாவுக்கு நெஞ்சு வலி டாக்டர்” என்றான் திரையில் இருந்த துரை. “மாத்திரை குடுக்கறது என் பொறுப்பு. தினம் ஒண்ணு. அப்பா போனப்புறம் அட்டையை எடுத்து எண்ணினேன். அஞ்சு இருக்கணும் டாக்டர். நாலுதான் இருந்தது.”

அது கிருபாவின் வாக்கியம். அஞ்சு இருக்கணும், நாலுதான் இருந்தது. சொல்லும்போது ‘நாலு’க்கு முன் அவள் மூச்சு நிற்கும். திரையிலும் நின்றது.

“ரெண்டு குடுத்துட்டேன். எனக்கு ஞாபகம்கூட இல்ல. இந்தக் கைதான் குடுத்திருக்கு. தண்ணியெல்லாம் சுத்தமாத்தான் இருக்கு டாக்டர், கைதான் சுத்தமாக மாட்டேங்குது.”

அம்மா தரையில், பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் முதுகு மட்டும் கிருபாவுக்குத் தெரிந்தது. அது நிமிர்ந்து, மரப்பலகை மாதிரி ஆனது.

இரண்டு வருடமாகக் கிருபா எதை அம்மாவிடமிருந்து மறைத்தாளோ, எது அம்மா காதில் விழுந்தால் தான் உயிரோடு இருக்க முடியாது என்று நினைத்தாளோ, அது இப்போது முன்னறையில், தெருவில் பாதிப் பேருக்கு நடுவில், தம்பி குரலில் வந்து விழுந்துவிட்டது.

டாக்டர் எழுந்து வந்து சிவராமன் தோளைத் தொட்டார். “நீங்க தப்பா எண்ணியிருக்கீங்க சிவராமன். துக்கம் மனுஷனை அப்படிப் பண்ணும். இல்லாத குற்றத்தை மனசே உண்டாக்கி, அதுக்கு ஒரு கணக்கையும் காட்டும். அந்த மாத்திரை காணாமப் போகவே இல்ல.”

சிவராமன் குலுங்கி அழுதான். வயலின் எழும்பியது. கடைசிக் காட்சியில் அவன் ஒரே ஒரு தடவை கையைக் கழுவி, மனைவியின் முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவளைப் பார்த்துச் சிரித்தான்.

கிருபா யோசித்தாள்: தப்பா எண்ணினேனா? ஐந்து வருடம் மில்லிகிராம் பிசகாமல் எடை போட்டவளுக்கு நான்கையும் ஐந்தையும் தெரியாதா? அட்டையை ஏழு தடவை எண்ணினாள். நான்குதான் இருந்தது. இந்த டாக்டர் நல்லவர். ஆனால் அட்டையை அவர் பார்க்கவில்லை.

*

பெயர்கள் ஓடி முடிந்தன. யாரும் கை தட்டவில்லை.

“தொர நல்லா நடிச்சான்” என்றாள் தாயாரம்மாள், பொதுவாக. பிறகு, “நம்ம ஏசுபாதம்கூட நெஞ்சு மாத்திரதான...” என்று தொடங்கி, மாமி முழங்கையால் இடித்ததும் நிறுத்திக்கொண்டாள்.

“எவனோ எழுதறான், இவா நடிக்கறா. அவ்வளவுதானே” என்று வைத்தீஸ்வரன் எழுந்தார். “நாழியாச்சு. வரேம்மா அம்மணி.”

மாமி தாம்பாளத்தைக் கிருபாவிடம் நீட்டினாள். பிறகு அவள் கைகளைப் பார்த்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல், டி.வி. மேலேயே வைத்துவிட்டாள். “அப்புறமா சாப்டுங்கோ” என்றாள். பத்து நிமிஷத்தில் முன்னறை காலியானது. காலையில் ஊர்வலமாக வந்த பெஞ்சுகள் மட்டும் நின்றன.

துரை அக்காவின் எதிரே வந்து நின்றான்.

“அந்த மாத்திர சீன கட் பண்றோம்னு சொன்னாங்க. ரெண்டு தடவ போய்க் கேட்டேன். கட் பண்ணியாச்சுன்னுதான் சொன்னாங்க. நேத்து ராத்திரிதான் இன்னொருத்தர் போன் பண்ணி, நீளம் பத்தல, அதையும் சேர்த்துட்டோம்னாரு. தெருமுனைக் கடைக்குத்தான் போன் வந்துச்சு, கடைக்காரர் கூப்பிட்டு விட்டாரு, அங்க போய்ப் பேசினேன்.”

“முதல்ல எதுக்குடா அவங்ககிட்ட சொன்ன?”

“அங்க ஒரு டாக்டர் வந்திருந்தாருக்கா. நெஜ டாக்டர். எல்லாம் சரியா இருக்கான்னு பாக்கறதுக்கு. அவர்கிட்ட உன்னப் பத்திக் கேக்கணும்னு மூணு நாள் சுத்திச் சுத்தி வந்தேன். எங்க அக்கான்னு சொல்ல வாய் வரல. ரிகர்சல்ல, இந்த ஆள் ஏன் கழுவறான், காரணம் வேணுமேன்னு எல்லாரும் யோசிச்சாங்க. நான் சொன்னேன். வேஷத்து மேல போட்டுச் சொன்னா அவர் என்ன சொல்றாருன்னு தெரியுமில்ல? அதுக்குத்தான். அவங்க அத்த எழுதிக்கினாங்க.”

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“என்னத் தனியாக் கூப்பிட்டு, யாருப்பா அதுன்னு கேட்டாரு.”

கிருபாவுக்கு அழுகை வரும்போல இருந்தது. யாரோ ஒருவர், முகம் தெரியாதவர், யாருப்பா அது என்று அவளைப் பற்றிக் கேட்டிருக்கிறார்.

“இது வியாதி, கொணமாகும், கூட்டினு வாங்கன்னாரு. கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரி. அட்ரஸ் வெச்சிருக்கேன். அம்மாதான் அந்தப் பேரச் சொன்னாலே ஆடறாங்களே, எப்படிக் கேக்கறதுன்னு...”

“அவரும் நான் தப்பா எண்ணினேன்னுதான் சொன்னாரா?”

“அப்படித்தான் இருக்கும்னாரு.”

“தப்பா எண்ணல துரை.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். இந்த இடத்துக்கு வந்தால் அக்காவிடம் பேச ஒன்றும் இருக்காது என்று அவனுக்குத் தெரியும். “பெஞ்ச குடுத்துட்டு வரேன்” என்று, இரண்டில் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே போனான்.

*

அம்மா உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. டி.வி.யில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. கிருபா போய் அதை அணைத்தாள். அணைத்த விரலைக் கழுவ வேண்டும் என்று தோன்றியது, கழுவப் போகவில்லை. இப்போது அம்மா என்ன சொல்லப்போகிறாள் என்பதைவிடப் பெரிதாக எதுவும் இல்லை.

“மா.”

அம்மா திரும்பவில்லை.

“எப்படியும் ஒரு நாள் உங்கிட்டச் சொல்லணும்னுதான் இருந்தேன். நான்தான்மா. மழைல வந்தேனா, ரயில் வேற பல்லாவரத்துல நின்னுடுச்சு. ஏழரை ஆயிடுச்சு. நீ வீட்டுல இல்ல, ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்த. அப்பா தூங்கினு இருந்தாரு. எழுப்பி, அரைத் தூக்கத்துலயே குடுத்தேன். ஒரு தடவ குடுத்ததுதான் ஞாபகம் இருக்கு. ஆனா ரெண்டு குடுத்திருக்கேன். நீ என்ன வேணும்னாலும் திட்டு. வீட்ட விட்டுப் போன்னு சொன்னாலும்...”

“நீ தப்பா எண்ணல” என்றாள் அம்மா.

கிருபா நின்றாள்.

“ஆறு மணிக்கே நான் ஒண்ணு குடுத்தேன்.”

தெருவில் துரையின் செருப்புச் சத்தம் தாயாரம்மாள் வீட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

அம்மா தரையைப் பார்த்துப் பேசினாள். “உன்னக் காணோம். கூட்டத்துக்கு நாழியாவுது. தெனம் ஆறு மணிக்குக் குடுக்கறதாச்சே, தவறுனா இன்னா ஆவுமோன்னு பயந்துகினு, பீரோ மேல இருந்து எடுத்தேன். அந்த வெள்ள மாத்திரதான்னு எனக்குத் தெரியும், தெனம் பாக்கறேன். அவரு முழுங்கிட்டாரு. கிருபா வந்தா மாத்திர ஆச்சுன்னு சொல்லிடுங்கன்னேன். ம்னாரு. தூங்கிட்டாருபோல.”

“நான் கேட்டேனேம்மா.” கிருபாவுக்குத் தன் குரலே எங்கிருந்தோ வந்தது போல் இருந்தது. “மூணாம் நாள் கேட்டேனே.”

“வூடு நெறைய சனம். அவரோட தங்கச்சி பக்கத்துலயே நிக்குது. வாய்ல அப்படித்தான் வந்துச்சு. அப்புறமா தனியாச் சொல்லிக்கலாம்னு வெச்சேன்.” அம்மா நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டாள். “அந்த வாரமே நீ கை கழுவ ஆரம்பிச்சுட்ட. எதுக்குன்னு எனக்கு மொத நாளே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சப்புறம் எப்படிடி சொல்லுவேன்? ஒரு நாள் விட்டா ரெண்டு நாளு. ரெண்டு நாளு விட்டா மாசம். ஒன்னோட கையப் பாக்கப் பாக்க, சொல்றது இன்னும் கஷ்டமாப் போச்சு.”

கிருபா கணக்குப் போட்டாள். அவளால் அதைச் செய்யாமல் இருக்க முடியவில்லை. ஆறு மணிக்கு ஒன்று. ஏழரைக்கு ஒன்று. ஒன்றரை மணி நேரம். இரண்டு வருடமாகக் காணாமல் போயிருந்த மாத்திரை கிடைத்துவிட்டது. கணக்கு நேராகிவிட்டது. அப்பாவைக் கொன்றது அதுதானா என்று இன்னமும் தெரியாது. எந்த லேபிலும் இனி அதைச் சோதிக்க முடியாது. ஆனால் அவள் மறக்கவில்லை. அவள் கை ஒரே ஒரு மாத்திரைதான் கொடுத்தது.

சந்தோஷமாக இருக்க வேண்டும். சந்தோஷம் வரவில்லை.

தினம் காலையும் மாலையும் பம்பு சத்தம் கேட்டுக்கொண்டு, அம்மா உள்ளே இருந்திருக்கிறாள். எதற்கென்று தெரிந்துகொண்டே.

“அம்மா” என்றாள்.

“தொரகிட்ட சொல்லிடாத.” அம்மா முதல் தடவையாக நிமிர்ந்தாள். முகம் நனைந்திருந்தது. “அவன் ஊருக்கே போட்டுக் காட்டிடுவான்.”

வேறொரு நாளாக இருந்தால் இதற்கு இருவரும் சிரித்திருப்பார்கள்.

துரை திரும்பி வந்தான். வாசலிலேயே நின்று, அம்மாவையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான். தன் மேல்தான் கோபம் என்று நினைத்துக்கொண்டான்போல. “இன்னொரு பெஞ்ச காலைல குடுத்துக்கலாம்னாங்க” என்றான், மெதுவாக.

“அந்த டாக்டர் எத்தன மணிக்கு இருப்பாரு?” என்று கிருபா கேட்டாள்.

அவன் முகம் மாறியது. நம்பலாமா என்று பார்த்தான். “பத்து மணிக்கு. புதன்கிழமை இருப்பாரு. நாளைக்கே இருப்பாருக்கா. நான் லீவு போடறேன். ஒம்பதுக்கு வண்டி பிடிச்சா போதும்.”

“சரி. போலாம்.” அவள் அம்மாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “மூணு பேருமாப் போலாம். அம்மாவும் வரட்டும்.”

“அம்மாவா?” என்றான் துரை. “அம்மா எதுக்கு?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவள் கிருபா இல்லை. அவள் காலி பெஞ்சில் உட்கார்ந்து, காத்திருந்தாள்.